மிக்மாக் ரிசர்வ், "இந்தியன் ஏஜென்ட்", பள்ளிக்கூடம்: மொழிபெயர்ப்பில் ஒரு சந்தேகம் (நீண்டுவிட்டது!)

நிலா_ஹாலிஃபாக்ஸ் | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில், கனடாவின் கிழக்குக் கரைப் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் ரிசர்வுகளை (அவர்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலங்கள்) அரசு எப்படி நடத்தியது, பள்ளிக்கூடம் என்று என்ன கொடுத்தது என்பதுதான் விஷயம். துண்டறிக்கை ஏழெட்டு மொழிகளில் வருகிறது. தமிழ் என் தலையில் விழுந்தது. நாலு பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டு, முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

"ரிசர்வ்" என்பதற்கு "ஒதுக்கீடு" என்று போட்டு, மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். "அப்போ அவங்களுக்கு வேலையில கோட்டா இருக்குன்னு சொல்லு" என்றார். "இந்தியன் ஏஜென்ட்" (அந்தப் பூர்வகுடிகளை அரசு "இந்தியன்" என்றுதான் எழுதியது) என்றதும் "நம்ம ஊர் ஆளு அங்க எப்ப போனாரு?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தமிழில் அந்தச் சொற்கள் அப்படித்தான் காதில் விழுகின்றன. இன்னொன்று, ஒவ்வொரு பள்ளி அறிக்கையிலும் "வருகை ஒழுங்கற்றது" என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. அதை அப்படியே போட்டால் பிள்ளைகள் மட்டம் போட்டார்கள் என்று ஆகிவிடுகிறது. மனசு ஒப்பவில்லை. வரலாறு தெரிந்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

ஆவணப்பித்தன் | சனி, இரவு 10:25

நிலா, நான் வருவாய்த் துறையில் 31 வருடம் குப்பை கொட்டியவன். ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் பழைய காலனி ஆவணங்களைப் படிப்பதுதான் பொழுதுபோக்கு. அந்த நிலம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துவிடுவோம், சொல் தானாக வந்துவிடும்.

மிக்மாக் மக்கள் நிலத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பிரிட்டிஷாரோடு 1726 தொடங்கிப் பல உடன்படிக்கைகள் செய்தார்கள். அவற்றில் 1760, 1761இல் செய்தவை முக்கியம். எல்லாமே சமாதானம், நட்பு, வியாபாரம் பற்றியவை. நிலத்தை விட்டுத் தருகிறோம் என்று ஒரு வரி கிடையாது. பின்னாளில் கனடாவின் மேற்குச் சமவெளியில் எண் போட்டுச் செய்த, நிலத்தை எழுதி வாங்கிய உடன்படிக்கைகளோடு இதைக் குழப்பக்கூடாது.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று தோற்ற ஆட்கள் 1783இல் ஆயிரக்கணக்கில் நோவா ஸ்கோஷியாவில் (ஹாலிஃபாக்ஸ் அதன் தலைநகர்) வந்து இறங்கினார்கள். ஆற்றுமுகங்களும் நல்ல மண்ணும் அவர்களுக்குப் போயின. மிக்மாக் குழுக்கள் சிலவற்றுக்குக் கிடைத்தது ஒரு சீட்டு: "இந்த இடத்தில் நீங்கள் இருந்துகொள்ளலாம்". 1820 வாக்கில் கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஆயிரம் ஏக்கர் வரை ஒதுக்கலாம் என்று ஆளுநரின் கவுன்சில் முடிவு செய்தது. ஒதுக்கிய பிறகும் நிலம் அரசுடையதுதான். பெரும்பகுதி எதற்கும் ஆகாத தரிசு என்று பின்னால் வந்த அரசு ஆணையரே எழுதி வைத்தார்.

நம் கணக்கில் சொன்னால் பட்டா இல்லை, அனுபவம் மட்டும். அந்த அனுபவத்துக்கும் அளந்து கல் நட்டுக் காவல் காக்க ஆள் இல்லை.

வல்வெட்டி_மாமா | சனி, இரவு 11:02

பிள்ளை நிலா, எங்கட பக்கத்தில இதுக்கு நல்ல சொல் இருக்கு. பெர்மிட் காணி. உறுதிக் காணி எண்டால் உன்ர பேரில உறுதி இருக்கும், விக்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். பெர்மிட் காணியில இருக்கலாம், அவ்வளவுதான். காணி அரசாங்கத்தின்ர. துண்டறிக்கையைக் கனடாவில இருக்கிற ஈழத்துச் சனமும் வாசிக்கும்தானே? "அனுமதிச் சீட்டுக் காணி" எண்டு போட்டால் ஒரு கிழவியும் விளக்கம் கேக்க மாட்டா.

ரிசர்வை ரிசர்வ் எண்டே விடுங்கோ. நான் இஞ்ச வந்து 35 வருசம். ரொறன்ரோவில எந்தத் தமிழனும் அதை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பேராண்டி_23 | ஞாயிறு, காலை 8:15

இதுல என்ன குழப்பம்? 1800கள்ல மிக்மாக் குழந்தைங்க எல்லாரையும் பிடிச்சுட்டுப் போய் உறைவிடப் பள்ளியில அடைச்சாங்க. அதை நேரா எழுதுங்க. வருகை ஒழுங்கற்றதுன்னு சொல்றதே மோசடி. அடைச்சு வச்ச பள்ளியில வருகை எப்படி ஒழுங்கில்லாமப் போகும்?

ஆவணப்பித்தன் | ஞாயிறு, காலை 9:30

பேராண்டி, கோபம் நியாயம், தேதி தவறு. கனடாவின் கிழக்குக் கரையோர மாகாணங்களில் இருந்த ஒரே இந்தியன் உறைவிடப் பள்ளி ஷூபெனகாடி. அது 1930இல் திறந்து 1967இல் மூடியது. அங்கே நடந்தது தனிக் கொடுமை, தனி இழைக்கான விஷயம். அதை 19ஆம் நூற்றாண்டுக்குள் தள்ளினால் இரண்டுமே மங்கிப்போகும்.

ஆனால் உங்கள் உள்ளுணர்வுக்குத் தீனி போட 1930க்கு முன்பே ஒன்று உண்டு. பக்கத்து நியூ பிரன்ஸ்விக்கில் சசெக்ஸ் வேல் என்ற ஊர். லண்டனில் இருந்த நியூ இங்கிலாந்து கம்பெனி என்ற புராட்டஸ்டண்ட் தர்ம அமைப்பு 1787 முதல் அங்கே ஒரு "இந்தியன் கல்லூரி" நடத்தியது. பெயர்தான் கல்லூரி. மிக்மாக் பிள்ளைகளையும், வுலஸ்டோக்கியிக் என்ற பக்கத்துப் பூர்வகுடிப் பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்தே வெள்ளைக் குடியேறிகளின் வீடுகளில் "தொழில் பழகு" என்று விட்டார்கள். பிள்ளையை எடுத்த குடும்பத்துக்கு ஆண்டுதோறும் பணம், பிள்ளையைக் கொடுத்த பெற்றோருக்கும் ஏதோ படி. பிள்ளை வயலிலும் அடுப்படியிலும் உழைத்தது. நடத்திய பாதிரியார் ஆலிவர் ஆர்னால்டின் வீட்டிலேயே இப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். 1822இல் வால்டர் பிராம்லி என்ற முன்னாள் ராணுவ அதிகாரி நேரில் போய்ப் பார்த்து, இது பள்ளியே இல்லை, சம்பளமில்லாத வேலைக்காரர் திட்டம் என்கிற பொருளில் அறிக்கை கொடுத்தார். 1826இல் மூடினார்கள்.

பேராண்டி_23 | ஞாயிறு, காலை 9:41

சரிங்க ஐயா, தேதியில தப்பு பண்ணிட்டேன். ஆனா இது அதைவிட மோசமா இருக்கே.

நிலா_ஹாலிஃபாக்ஸ் | ஞாயிறு, பகல் 12:10

ஐயா, துண்டறிக்கையின் இரண்டாம் பக்கம் முழுக்க 1841 கடிதமும் ஜோசஃப் ஹோவும்தான். ஹோவின் சிலையை நான் ஹாலிஃபாக்ஸ் சட்டசபை வாசலில் வாரத்துக்கு இரண்டு தடவை கடந்து போகிறேன். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக வழக்காடியவர் என்றுதான் இதுவரை தெரியும். இந்தக் கதையில் அவருக்கு என்ன வேலை?

ஆவணப்பித்தன் | ஞாயிறு, மதியம் 2:05

நிறையவே வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெமீனாவீத் என்ற மூத்த மிக்மாக் தலைவரின் கடிதம் 1841 ஜனவரியில் லண்டன் காலனி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. விக்டோரியா ராணிக்கு நேராக எழுதியது. வேட்டைக் காடு இல்லை, நீர்நாய் இல்லை, பீவர் இல்லை, ஒன்றுமே இல்லை என்கிறார். இந்தக் காடெல்லாம் எங்கள் அப்பன் பாட்டன் ஆண்டது, இன்றைக்கு வெள்ளைக்காரன் மனது வைக்காவிட்டால் குளிருக்கு ஒரு மரம் வெட்ட முடியாது என்கிறார். சிப்பி மணி கோத்த வாம்பம் பட்டையோடு இந்த "காகிதப் பேச்சையும்" அனுப்புவதாகச் சொல்கிறார். ஹாலிஃபாக்ஸ் அதிகாரிகள் வழியாகப் போனால் எங்கே நின்றுவிடும் என்று தெரிந்துதான் ராணிக்கே எழுதினார். அவருக்கு முன்பே, 1825இல், பேர் ரிவர் பக்கத்துத் தலைவர் ஆண்ட்ரூ மியூஸ் கப்பலேறி லண்டனுக்கே போய் நிலம் கேட்டிருக்கிறார்.

ராணி தரப்பிலிருந்து ஆளுநருக்குக் கேள்வி போனது. மேலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் கீழே என்ன பரபரப்பு நடக்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1842இல் சட்டம் வந்தது. பெயரே "இந்தியர்களின் போதனைக்கும் நிரந்தரக் குடியமர்வுக்கும்". ரிசர்வுகளைக் கவனிக்க, ஆக்கிரமிப்பாளரை வெளியேற்ற, மிக்மாக் பிள்ளைகளைப் பள்ளிகளில் கட்டணமில்லாமல் சேர்க்க ஒரு ஆணையர். அந்த முதல் ஆணையர்தான் ஹோவ்.

மனிதர் உண்மையிலேயே அலைந்தார். மேற்கு மாவட்டங்களில் குதிரையிலும் படகிலும் சுற்றினார். கெஜிம்குஜிக் ஏரிப் பக்கம் சில குடும்பங்களுக்கு இருப்பிடச் சீட்டு கொடுத்தார். 1843 ஜனவரியில் அறிக்கை வைத்தார். பிறகு பதவியை விட்டுப் போனார். கொஞ்ச வருடத்தில் உருளைக்கிழங்கு நோய் வந்தது. அயர்லாந்தைப் பட்டினி போட்ட அதே நோய். புதிதாகப் பயிர் வைத்த மிக்மாக் குடும்பங்களின் உழைப்பு மண்ணிலேயே அழுகிப்போனது.

கலகக்காரன் | ஞாயிறு, மாலை 4:30

அப்போ ஹோவ் நல்லவர், சட்டம் நல்ல சட்டம், நோய் கெடுத்தது. வில்லன் யாரும் இல்லையே? 19ஆம் நூற்றாண்டு ஏழைக் காலனி. வருடத்துக்குச் சில நூறு பவுண்டுதான் ஒதுக்க முடிந்தது. இன்றைய தராசில் எடை போட்டு எல்லாரையும் குற்றவாளி ஆக்குவது இந்தத் தளத்தில் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள்.

ஆவணப்பித்தன் | ஞாயிறு, மாலை 6:15

"தெரிந்ததைச் செய்தார்கள்." தம்பி, இந்த இடத்தில்தான் நான் உங்களோடு முழுசாக மாறுபடுகிறேன். அவர்களுக்கு எல்லாமே தெரியும். எழுதியே வைத்திருக்கிறார்கள்.

நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவுக்கு வாருங்கள். எஸ்கசோனி, வைகோகோமா, மிடில் ரிவர், மலகவாட்ச், சாப்பல் தீவு என்று ரிசர்வுகள். நல்ல ஆற்றோர மண் என்றால் மிடில் ரிவரும் வைகோகோமாவும். அங்கே ஸ்காட்லாந்து மேட்டுநிலத்துக் குடியேறிகள் வந்து வேலி போட்டு, வீடு கட்டி, வைக்கோலும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். 1849இல் அந்தத் தீவின் ஆணையர் கிராலி எழுதிய அறிக்கையைப் பாருங்கள். இந்தத் தீவில் எந்த ஜூரியும் ஆக்கிரமிப்பாளருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லாது, இந்தியர்களுக்காக மனதார வாதாடும் ஒரு வக்கீல் கிடைப்பதும் சந்தேகம், வாதாடினால் ஊரில் அவர் செல்வாக்குப் போய்விடும் என்று வெளிப்படையாக எழுதுகிறார்.

செல்வாக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய வருடம், 1848இல்தான், நோவா ஸ்கோஷியாவில் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் அரசு வந்தது. பிரிட்டிஷ் காலனிகளில் முதலில் கிடைத்த இடங்களில் ஒன்று. அதற்காகப் போராடிய ஆள் யார்? நிலா வாரத்துக்கு இரண்டு தடவை கடந்து போகிற அதே சிலைக்காரர். அந்த வெற்றி மிக்மாக்குக்கு என்ன செய்தது? முன்பு ராணியின் அதிகாரி நினைத்தால் ஆக்கிரமிப்பாளரை அதட்டவாவது முடியும். இப்போது ஆக்கிரமிப்பாளர் ஓட்டுப் போடுகிறவர், மிக்மாக் ஓட்டு இல்லாதவர். எந்த எம்.எல்.ஏ. வேலியைப் பிடுங்கச் சொல்வார்?

1859இல் சட்டசபை என்ன செய்தது தெரியுமா? ரிசர்வில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தவணை கட்டி அந்த நிலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது. நம் அலுவலகத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு: ஆக்கிரமிப்பை வரன்முறைப்படுத்துதல். தவணையையும் பாதிப்பேர் கட்டவில்லை. நிலமும் திரும்பவில்லை.

வல்வெட்டி_மாமா | ஞாயிறு, இரவு 7:50

பித்தன் அண்ணை, ஒண்டு சேர்க்கிறன். அந்த ஸ்கொட்லாந்துச் சனமும் சும்மா வந்த ஆக்கள் இல்லை. ஊரில ஜமீன்காரர் செம்மறி வளர்க்கிறதுக்காகக் குடிசையைக் கொளுத்தித் துரத்தின சனம். கேலிக் பேசின ஏழையள். துரத்துப்பட்டு வந்தவன் இன்னொருத்தன்ர காணியில வேலி போட்டான். நான் உதை மன்னிப்புக்குச் சொல்லேல்லை. உதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை, அவ்வளவுதான்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 8:30

இந்த இடத்தில் வன்னிக் குடியேற்றம் பற்றி வந்த பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே சண்டை போடுங்கள். இங்கே மிக்மாக் மட்டும்.

கலகக்காரன் | ஞாயிறு, இரவு 9:05

கிராலி விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எல்லா ஆணையரும் ஒரே அச்சு இல்லையே? ஹோவுக்குப் பிறகு 1847 வாக்கில் ஆணையராக இருந்தவர் ஆபிரகாம் கெஸ்னர். நம் வீட்டு மண்ணெண்ணெயைக் கண்டுபிடித்த அதே கெஸ்னர்! மிக்மாக் வழிகாட்டிகளோடு காடு காடாகக் கல் பொறுக்கிய புவியியலாளர். அவர் அனுதாபத்தோடுதான் எழுதினார்.

ஆவணப்பித்தன் | ஞாயிறு, இரவு 9:40

அனுதாபம் எல்லாரிடமும் இருந்தது, அதைத்தான் சொல்கிறேன். நியூ பிரன்ஸ்விக்கில் மோசஸ் பெர்லி 1841இல் ஊர் ஊராகப் போய் அருமையான அறிக்கை கொடுத்தார். ரிசர்வ் நிலத்தைக் காப்பாற்றச் சொன்னார். 1844இல் வந்த சட்டம் அந்த நிலத்தை ஏலம் விட வழி செய்தது. அறிக்கை ஒரு கோப்பு, சட்டம் இன்னொரு கோப்பு. இரண்டும் சந்திக்கவே இல்லை.

கெஸ்னருக்குப் பிறகு 1850களில் கேப்டன் சியர்ன்லி வந்தார். அவர் காலத்து நிர்வாகம் என்றால் குளிர்காலம் வந்ததும் போர்வையும் கோட்டும் கொடுப்பது. பள்ளி பேச்சே இல்லை.

1849இல் தலைவர்கள் பலர் கையொப்பமிட்டு ஆளுநருக்குக் கொடுத்த மனுவையும் தேடிப் படியுங்கள். ஆற்றில் அணை கட்டிவிட்டீர்கள், சால்மன் மேலே ஏற முடியவில்லை, நீராவிக் கப்பல் சத்தத்தில் மீன் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார்கள். மரம் அறுக்கும் ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள் அவை. நிலம் போனது ஒரு பக்கம், ஆறும் போனது. அப்புறம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயிர் வை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்றால்?

டீச்சர்_சுகந்தி | திங்கள், காலை 6:50

நேத்து ராத்திரி முழு இழையும் படிச்சேன். ஒரு தொடக்கப் பள்ளியில 22 வருஷம் வருகைப் பதிவேடு எழுதின கை என்னுது. நிலா முதல் பதிவோட கடைசியில கேட்ட "வருகை ஒழுங்கற்றது" கேள்விக்கு யாரும் போகலை, அதனால வர்றேன்.

1867ல கனடா கூட்டாட்சி ஆனதுக்கு அப்புறம் "இந்தியர்களும் அவர்களுக்கு ஒதுக்கிய நிலமும்" ஒட்டாவா மத்திய அரசோட பொறுப்பாயிடுச்சு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான், 1864ல, நோவா ஸ்கோஷியா மாகாணம் இலவசப் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கு வரிப் பணத்துல பள்ளி வளர ஆரம்பிச்ச நேரத்துல, மிக்மாக் பிள்ளைங்க வேற கணக்குப் புத்தகத்துக்குப் போயிட்டாங்க. அந்தக் கணக்குப் புத்தகம் ரொம்ப மெலிசு.

1870கள்ல இருந்து ரிசர்வுகள்ல பகல் பள்ளி வந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், வருஷத்துக்குச் சில நூறு டாலர் சம்பளம். எஸ்கசோனி, வைகோகோமா, மிடில் ரிவர், பேர் ரிவர்னு ஊர்ப் பேரெல்லாம் வரும். வாத்தியாருக்கு மிக்மாக் தெரியாது, பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது. துறையோட ஆண்டறிக்கையில கட்டம் போட்டு அச்சடிச்சிருப்பாங்க: ஆண், பெண், மொத்தம், தினசரி சராசரி வருகை. அப்புறம் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம்னு எத்தனை பேர் எத்தனை பாடம் படிக்கிறாங்கன்னு. சேர்ந்தவங்க எண்ணிக்கை ஒண்ணு இருக்கும், சராசரி வருகை அதுல பாதி இருக்கும்.

பாதி ஏன்? பதிவேட்டை மூடிட்டு வருஷத்தைப் பாருங்க. வசந்தத்துல மீன் ஏறும், ஆத்துக்குப் போகணும். பேர் ரிவர் ஆளுங்க ஃபண்டி வளைகுடாவில சின்னத் தோணியில போய் கடற்பன்றி வேட்டையாடுவாங்க, அந்த எண்ணெய்தான் காசு. கோடையில பெர்ரி பறிப்பு. ஆஷ் மரத்தைக் கீறிக் கூடை முடையணும், கோடரிக்காம்பு செதுக்கணும், மீன் பீப்பாய் செய்யணும், பிர்ச் பட்டையில முள்ளம்பன்றி முள் கோத்த பெட்டி செஞ்சு வெள்ளைக்காரச் சீமாட்டிங்களுக்கு விக்கணும். விக்கறதுக்கு ஊர் ஊரா நடக்கணும், ரயில் ஏறணும். குடும்பமா போவாங்க. பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? ரிசர்வுல இருந்து வயித்தைக் கழுவ முடியாதுன்னு அரசாங்கமே அறிக்கை எழுதியிருக்கு. அப்புறம் ரிசர்வுலயே இருக்கலைன்னு பதிவேட்டுல குறை.

1842 சட்டத்தோட பேரை ஆவணம் சார் எழுதினதும் எனக்கு இதான் தோணிச்சு. போதனையும் நிரந்தரக் குடியமர்வும். ரெண்டையும் ஒரே கயித்துல கட்டிட்டாங்க. உட்கார்ந்தாத்தான் படிப்பு. உட்கார நிலத்தை மட்டும் விட்டுவைக்கலை.

நிலா_ஹாலிஃபாக்ஸ் | திங்கள், காலை 8:20

சுகந்தி அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஒன்று கேட்கட்டுமா? அந்தக் கட்டங்களில் "வாசிப்பு" என்றால் ஆங்கில வாசிப்பு மட்டும்தானே?

டீச்சர்_சுகந்தி | திங்கள், மாலை 5:15

ஆமா, அங்கதான் எனக்குக் கோபம். வீட்டுல புத்தகம் இருந்த ஜனங்க அவங்க.

1670கள்ல லெ கிளெர்க்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் ஜெபம் சொல்லிக் கொடுக்கறப்ப, பிள்ளைங்க பிர்ச் பட்டையில கரியால குறி போட்டு ஞாபகம் வச்சுக்கறதைப் பாத்தாரு. அதை வளர்த்து ஒரு சித்திர எழுத்தா ஆக்கினாங்க. அடுத்த நூற்றாண்டுல மயார் பாதிரியார் இன்னும் விரிச்சாரு. பிரெஞ்சுக்காரன் தோத்து, பாதிரியார் வராம எத்தனையோ வருஷம் போச்சு. அப்பவும் அப்பன் மகனுக்கு, பாட்டி பேத்திக்குன்னு அந்த எழுத்து கை மாறிக்கிட்டே இருந்தது. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், வாத்தியார், சம்பளம் எதுவும் இல்லாம! 1866ல கௌடர்னு ஒரு பாதிரியார் அதை வியன்னாவுல அச்சுக் கோத்துப் புத்தகமாவே போட்டாரு. அதை வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு ஒட்டாவா கட்டத்துல போட எடம் கிடையாது.

கலகக்காரன் | திங்கள், மாலை 6:00

சித்திர எழுத்து எனக்குப் புதுச் செய்தி. நன்றி மேடம். ரேண்ட் பாதிரியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாப்டிஸ்ட், மிக்மாக் மொழி கற்றுப் பெரிய அகராதியே போட்டவர், 1888இல் வந்தது. அவர் வந்ததே கத்தோலிக்கரான மிக்மாக் மக்களைப் புராட்டஸ்டண்ட் ஆக்க. 40 வருடம் முயன்று மதம் மாறியவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் மொழியும், குளூஸ்கேப் என்ற மிக்மாக் புராண நாயகனின் கதைகளும் அவர் நோட்டில் தங்கின. தோல்வியில் கிடைத்த லாபம்.

வல்வெட்டி_மாமா | திங்கள், இரவு 7:30

ஏஜென்ட் விசயத்தை ஒருத்தரும் முடிக்கேல்லையே. "இந்தியன் ஏஜென்ட்" எண்டால் எங்கட கச்சேரி (அரசாங்க அலுவலகம்) காலத்து விதானையார், அதுதான் ஊர்த் தலைமைக்காரர், மாதிரியோ?

ஆவணப்பித்தன் | திங்கள், இரவு 8:45

விதானைக்காவது அந்த ஊர் தெரியும் மாமா. நோவா ஸ்கோஷியாவில் ஏஜென்ட் என்பது முழுநேர வேலையே இல்லை. பங்குத் தந்தை, மருத்துவர், பண்ணைக்காரர் என்று யாராவது ஒருவர் பகுதி நேரமாகப் பார்ப்பார். விதை வாங்கிக் கொடுப்பது, நிவாரணச் சீட்டு எழுதுவது, வருடத்துக்கு ஒரு அறிக்கை. எல்லா அறிக்கையும் "சமர்ப்பிக்கும் பெருமை எனக்கு உண்டு" என்றுதான் தொடங்கும். அடுத்த வரியிலேயே பட்டினி.

1876இல் இந்தியன் சட்டம் வந்ததும் இந்தப் பகுதிநேர ஆள் கையில் நிஜமான அதிகாரம் வந்தது. யார் இந்தியர், யார் இல்லை என்பதையே சட்டம் சொன்னது. வெளியாளைக் கட்டிய பெண் சட்டப்படி இந்தியர் என்ற அந்தஸ்தை இழந்தாள். அது 1869 சட்டத்திலேயே தொடங்கி 1985 வரை நீடித்தது. 1869இல் ஒட்டாவாவில் இந்தியர் விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சர் யார் தெரியுமா? அந்த ஆண்டின் கடைசியில் பதவிக்கு வந்தவர் ஜோசஃப் ஹோவ். சட்டம் அவர் வருவதற்குச் சில மாதம் முன்பே நிறைவேறிவிட்டது. அதைச் செயல்படுத்தியது அவர் அலுவலகம். 27 வருடம் முன்பு கெஜிம்குஜிக் ஏரியில் படகேறிப் போனவர்.

சொல்லுக்கு வருவோம். "அரசின் இந்தியர் விவகார முகவர்" என்று முதல் தடவை போட்டுவிட்டு, அப்புறம் "முகவர்" போதும்.

நிலா_ஹாலிஃபாக்ஸ் | திங்கள், இரவு 10:00

நன்றி ஐயா. "பூர்வகுடி முகவர்" என்று போடலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்தக் காலத்து அரசு வைத்த தப்பான பெயர் அது, அதைத் துடைத்துவிடக்கூடாது இல்லையா?

கடைசிப் பக்கத்தில் பிரின்ஸ் எட்வர்ட் தீவும் வருகிறது. 1767இல் தீவு முழுவதையும் 67 துண்டாக்கி லண்டனில் சீட்டுக் குலுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! மிக்மாக்குக்கு ஒரு துண்டு கூட மிச்சமில்லை. 1870இல் பூர்வகுடிப் பாதுகாப்புச் சங்கம் என்ற லண்டன் அமைப்பு, லெனக்ஸ் தீவை அதன் சொந்தக்காரரிடம் காசு கொடுத்து வாங்கித்தான் அவர்களுக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது. இதை மொழிபெயர்க்கும்போது "வாங்கி" என்ற சொல்லில் கை நின்றுவிட்டது.

பேராண்டி_23 | திங்கள், இரவு 10:20

நியூஃபவுண்ட்லாந்து மிக்மாக்? அவங்க துண்டறிக்கையில இல்லையா?

ஆவணப்பித்தன் | செவ்வாய், காலை 7:00

நல்ல கேள்வி பேராண்டி. நியூஃபவுண்ட்லாந்து 1949இல்தான் கனடாவில் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு ஒட்டாவா நிர்வாகத்துக்குள் அது வராது. கோன் ரிவரில் இருக்கும் மியாவ்புகெக் சமூகத்துக்குச் சட்ட அங்கீகாரமே 1984இல், ரிசர்வ் 1987இல்.

நிலா, அந்த "வருகை ஒழுங்கற்றது" வரியை மாற்றாதே. அதிகாரி எழுதிய மொழியிலேயே, மேற்கோள் குறிக்குள் விடு. மழுப்பினால் ஆவணம் பொய்யாகிவிடும். அதற்குக் கீழே சுகந்தி மேடம் சொன்ன வருடத்தை மாசம் மாசமாக ஒரு வரியில் போடு.

டீச்சர்_சுகந்தி | செவ்வாய், காலை 7:25

சார் சொல்றதுதான் சரி. நான் இருந்தா "தொடர்ந்து வரவில்லை"ன்னு மென்மையாக்கி இருப்பேன், தப்பு பண்ணியிருப்பேன்.

நிலா_ஹாலிஃபாக்ஸ் | புதன், இரவு 9:15

அப்படியே செய்துவிட்டேன். இடப்பக்கம் அறிக்கை வரி, வலப்பக்கம் மீன், கடற்பன்றி, பெர்ரி, கூடை. வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

ஒரே ஒரு சொல் பாக்கி. 1841 கடிதத்தில் பெமீனாவீத் தன் "கனூ" சிறியது என்கிறார். தோணியா, ஓடமா, படகா? பிர்ச் பட்டையில் செய்தது.

கலகக்காரன் | புதன், இரவு 9:22

படகு. எல்லாருக்கும் புரியும்.

ஆவணப்பித்தன் | புதன், இரவு 9:30

தோணி என்றால் பெரிதாக ஒலிக்கிறது, தூத்துக்குடித் தோணி சரக்கு ஏற்றிக் கொழும்புக்கே போகும். ஓடம் என்றால் பாட்டு மாதிரி இருக்கிறது.

வல்வெட்டி_மாமா | புதன், இரவு 9:48

வள்ளம் எண்டு போடு பிள்ளை. ஒரு ஆள், ரெண்டு ஆள் போறது. பெரிய அலை அடிச்சால் கவிழும்.

நிலா_ஹாலிஃபாக்ஸ் | வியாழன், காலை 11:05

அச்சுக்குப் போய்விட்டது. கடைசியில் இப்படி வந்தது: "பெரிய ஏரியைத் தாண்டி வந்து உங்களோடு பேச என்னால் முடியாது. என் வள்ளம் சிறியது, நானும் கிழவன், பலமில்லை. என் கண்ணுக்கு அவ்வளவு தூரம் எட்டாது, என் குரலும் இந்தப் பெரிய தண்ணீரைத் தாண்டி உங்கள் காதில் விழாது." அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். "யாரு எழுதினது, எப்ப?" என்று கேட்டார். சொன்னேன். "ராணி பதில் போட்டாளா?" என்றார்.